நூற்றைந்து நுழையும், நூற்றிரண்டு நுழையாது!



புதுவையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, மண்ணாடிப்பட்டுக் கொம்யூனிலே, திருவாண்டார்கோயில் என்றோர் ஊர் உண்டு. உங்களிலே பலர் பேருந்திலே அமர்ந்து அதைக் கடந்து சென்றிருப்பீர்கள். சிலர் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களாகவும் இருப்பீர்கள். வடுகூர் என்ற பழம்பெயர் தாங்கி நிற்கும் கற்கோயில் ஒருபுறம். தொழிற்பேட்டை ஆலைகளின் தகரக் கூரைகள் மறுபுறம். ஷிப்டு மாறும் வேளையிலே சாலை ஓரத்துத் தேநீர்க் கடையிலே நின்று பாருங்கள். உழைத்துக் களைத்த முகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

அந்த ஊரிலே ஒரு வீட்டை உங்கள் மனக்கண் முன் நிறுத்த விரும்புகிறேன். உண்மையில் உள்ள ஒரு வீட்டைச் சுட்டிக் காட்டுவதாக எண்ணிவிடாதீர்கள். எவருடைய வீட்டுத் துயரையும் கடைத்தெருவுக்குக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை. கற்பனை வீடுதான். ஆனால், படித்து முடித்ததும், "இது எங்கள் தெருவிலே உள்ள வீடுதானே!" என்று உங்களிலே சிலர் சொன்னால், நான் வியப்படைய மாட்டேன்.

அந்த வீட்டுக்காரருக்கு வயது 56. ஆலைத் தொழிலாளி. தந்தை இளமையிலேயே மறைந்துவிட்டார். தங்கைமார் மூவர். மூவருக்கும் மணமுடித்து, வாங்கிய கடனை அடைத்து முடித்து, 'இனி எனக்கென்று ஒரு வாழ்வு' என்று அவர் எண்ணத் துணிந்தபோது, வயது நாற்பதாகிவிட்டது. கைப்பிடித்த நங்கைக்கு அப்போது 30. கரு தரித்தது, கலைந்தது. மீண்டும் தரித்தது, மீண்டும் கலைந்தது. பின்னர்க் கருப்பையிலே கட்டி என்றார்கள், கருப்பையையே அகற்றிவிட்டார்கள். கோயில் கோயிலாகச் சென்றாள். மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்றாள். ஊரார் அவளுக்குச் சூட்டிய பெயரை நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கொடுஞ்சொல் உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலையிலே, அவள் அண்ணன் மகள், 30 வயதுப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய், ஒருநாள் சொல்லுகிறாள்: "அத்தை! உங்கள் பிள்ளையை நான் சுமந்து தருகிறேன். எனக்குக் காசு வேண்டாம், பணம் வேண்டாம். என்னைத் தூக்கி வளர்த்த கைகளுக்கு இதைக்கூடச் செய்யக் கூடாதா?" பெண்ணின் கணவனும் மனமார ஒப்புகிறான்.

மகிழ்ச்சி பொங்குகிறது அந்த வீட்டிலே! தாள்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் வீட்டுக்காரர். மருத்துவச் சான்று, மருத்துவக் குழுவின் முன் தோற்றம், நீதிமன்ற ஆணை, காப்பீடு - ஒன்றன்பின் ஒன்றாக. அலையத் தொடங்கியபோது வயது 54. தாள்களெல்லாம் கைக்கு வந்து சேர்ந்தபோது 56. "உங்களுக்கு 55 கடந்துவிட்டதே ஐயா! இனிச் சான்று தர இயலாது" என்கிறது சட்டம்.

"என் மனைவிக்கு 46 தானே? அவளுக்கு 50 வரையிலே இடம் இருக்கிறதே?" என்று கேட்கிறார்.

"இருவருக்கும் பொருந்த வேண்டும்" என்கிறது சட்டம்.

அதே நாளிலே வேறோர் இணையர் வருகின்றனர். கணவனுக்கு 55, மனைவிக்கு 50. சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை, சான்று கிடைக்கிறது.

கூட்டிப் பாருங்கள், தோழர்களே! 55உம் 50உம் 105. அது நுழைகிறது. 56உம் 46உம் 102. அது நுழையவில்லை! மூத்த இணையருக்குக் கதவு திறக்கிறது. இளைய இணையருக்குக் கதவு அடைபடுகிறது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலே கற்றார்கள்?

கேலிக்காகக் கேட்கவில்லை. வாடகைத் தாய் முறையிலே பெற்றோராக விரும்புவோருக்கு வயது வரம்பு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி இன்று நாட்டின் முன் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் வரையிலே சென்று வந்திருக்கிறது. நம்மவர்கள் இதுபற்றித் தெளிவு பெற வேண்டும். 'இது பணக்காரர் விவகாரம், நடிகர் நடிகையர் விவகாரம், நமக்கென்ன?' என்று ஒதுக்கிவிடுவது தவறு. அந்தத் தவறு ஏழையின் தலையிலேதான் வந்து விடியும்.

முதலிலே, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

வாடகைத் தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பரிலே நாடாளுமன்றத்திலே நிறைவேறியது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை விரும்பும் இணையரிலே மனைவிக்கு 23 முதல் 50 வயது. கணவனுக்கு 26 முதல் 55 வயது. கணவனை இழந்தவள் அல்லது மணவிலக்குப் பெற்றவள் தனியாகப் பிள்ளை விரும்பினால் 35 முதல் 45 வயது. சுமக்கும் பெண்ணுக்கு 25 முதல் 35 வயது. அவள் மணமானவளாகவும், தனக்கென ஒரு பிள்ளை பெற்றவளாகவும் இருக்க வேண்டும். வாழ்நாளிலே ஒரே ஒரு முறைதான் இவ்வாறு சுமக்கலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தவிர, அவளுக்குக் கூலி என்று எதுவும் தரக்கூடாது. வணிகமாக இதை நடத்துவோருக்கு 10 ஆண்டுகள் வரையிலே சிறை.

கூலி கூடாது என்று சட்டம் சொன்ன பிறகும் 'வாடகை' என்ற சொல் நம் நாவிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு விட அவள் வீடும் அல்ல, வண்டியும் அல்ல. மாற்றுத் தாய் என்று நான் எழுதப் போகிறேன். நீங்களும் அவ்வாறே பேசுங்கள்.

இந்தச் சட்டம் காரணமின்றிப் பிறக்கவில்லை. முன்னாளிலே, பாலுக்குப் பெயர்பெற்ற குசராத்தின் ஆனந்த் நகரம், பிள்ளை சுமக்கும் பெண்களுக்கும் பெயர்பெற்ற நகராயிற்று. கடல் கடந்து வந்தார்கள், காசு கொடுத்தார்கள், ஏழைப் பெண்ணின் பத்து மாதத்தை வாங்கிச் சென்றார்கள். 2008ஆம் ஆண்டிலே ஜப்பானிய இணையர் ஒருவருக்காக அங்கே ஒரு குழந்தை பிறந்தது. குழந்தை பிறக்கும் முன்பே இணையர் பிரிந்துவிட்டனர்! தாய் என்று ஏற்பார் யாருமில்லை, பயணத்தாளுக்கு வழியில்லை. குழந்தையின் பாட்டி வந்து வழக்கு மன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. அந்தச் சிசுவின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரையிலே சென்றது. அடுத்த ஆண்டே, 2009இலே, சட்ட ஆணையம் தன் 228ஆம் அறிக்கையிலே இதற்கொரு சட்டம் வேண்டுமென்று எழுதிற்று. 2015இலே வெளிநாட்டாருக்குக் கதவு அடைக்கப்பட்டது. பிறகு வந்தது 2021ஆம் ஆண்டுச் சட்டம். ஏழைப் பெண்ணின் உடல் கடைச்சரக்கு ஆகாமல் தடுக்க வந்த சட்டத்தை, அந்த அளவிலே நாம் வரவேற்கிறோம்.

இனி, வயது வரம்புக்கு வருவோம்.

வரம்பே கூடாது என்போர் உளர். அவர்கள் வாதம் வலிவற்றதல்ல. "அறுபது வயது ஆடவர் மணம் முடித்துப் பிள்ளை பெற்றால், 'ஏன் பெற்றாய்?' என்று எந்த அரசாவது கேட்கிறதா? இயற்கையாகப் பெறுபவருக்கு இல்லாத வரம்பு, இயற்கை வஞ்சித்தவருக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலும் இந்த ஒப்பீடு இடம்பெற்றது. நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, கே.வி.விசுவநாதன் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு அது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே கருவை உருவாக்கி உறைநிலையிலே சேமித்து வைத்துவிட்ட இணையருக்கு, பின்னால் வந்த வயது வரம்பு பொருந்தாது என்றார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றாதே என்பது அதன் சாரம். நேர்மையான தீர்ப்பு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது: புதிதாக வருவோருக்கு வயது வரம்பே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்தக் கேள்வி நம் முன்னே அப்படியே நிற்கிறது.

நான் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். வரம்பு வேண்டும்.

ஏன்? இயற்கையாகப் பிறக்கும் பிள்ளை விவகாரத்திலே அரசு அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை, நுழையவும் கூடாது. மாற்றுத் தாய் முறையிலோ, மூன்றாவது ஒருத்தியின் உடல் வருகிறது. மருத்துவக் குழு சான்று தருகிறது. நீதிமன்றம் 'இக்குழந்தை இன்னாருக்கு உரியது' என்று ஆணையிடுகிறது. ஆக, அந்தப் பிள்ளை பிறப்பதற்கு அரசும் கையொப்பம் இட்டிருக்கிறது. கையொப்பம் இட்டவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியுமா? பேசத் தெரியாத, பிறக்கவும் இல்லாத அந்தப் பிள்ளைக்காகக் கேள்வி கேட்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு.

எண்ணிப் பாருங்கள். 55 வயதிலே சான்று பெறுகிறார் ஒருவர். பிள்ளை பிறக்கும்போது அவருக்கு 56. பிள்ளை முதல் வகுப்பிலே சேரும்போது 62. பள்ளிப் படிப்பை முடிக்கும் 18ஆம் வயதிலே, தந்தைக்கு 74. ஆலைத் தொழிலாளிக்கு வைப்புநிதி ஓய்வூதியம் தொடங்குவது 58 வயதிலே. அதிலே குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இலே வைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது; தந்தைக்கு ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம்! பால் வாங்குவாரா, புத்தகம் வாங்குவாரா, தனக்கு மருந்து வாங்குவாரா?

2019 செப்டம்பரிலே ஆந்திரத்தின் குண்டூரிலே, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் செயற்கைக் கருத்தரிப்பு முறையிலே இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றார். தம் வயிற்றிலேயே சுமந்து பெற்றார். மாற்றுத் தாய் முறை அல்ல. நாடே வியந்தது, மருத்துவத்தின் வெற்றி என்று பலர் புகழ்ந்தனர். அந்த அம்மையாரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பல்லாண்டுக் காலம் ஊர் சுமத்திய பழியைத் துடைக்க அந்த முதுமையிலும் அவர் துணிந்தார் என்றால், குற்றவாளி அவரா, ஊரா? ஆனால், அந்த இரண்டு சிறுமியருக்கு இருபது வயதாகும்போது அவர்கள் பக்கத்திலே நிற்கப் போவது யார் என்ற கேள்வியை, மருத்துவத்தின் வெற்றி முழக்கத்திலே நாம் மூழ்கடித்துவிடலாமா?

"எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டியும் தாத்தாவும்தானே வளர்க்கிறார்கள்?" என்பீர்கள். உண்மை. தாய் ஆலைக்கும் தந்தை வயலுக்கும் சென்றுவிட, தாத்தாவின் தோளிலே வளர்ந்த பிள்ளைகள்தாம் நம்மிலே பலர். ஆனால் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பின்னே தாயும் தந்தையும் இருந்தார்கள். முதிய பெற்றோருக்குப் பின்னே யார் இருக்கிறார்கள்? கேள்வியின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

இதற்கும் விடை கூறத் தெரிந்த ஒரு வழக்கு உண்டு. 2020இலே புற்றுநோயால் ஓர் இளைஞன் மறைந்தான். சிகிச்சைக்கு முன்பே அவனுடைய விந்தணு மருத்துவமனையிலே சேமிக்கப்பட்டிருந்தது. பெற்றோர் அதைக் கேட்டனர். 2024 அக்டோபர் 4ஆம் நாள் டெல்லி உயர் நீதிமன்றம் அதை அவர்களிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. பேரப்பிள்ளை பிறந்தால், தங்களுக்குப் பின் தங்கள் மகள்கள் அதை வளர்ப்பார்கள் என்ற உறுதிமொழியும் நீதிமன்றத்திலே தரப்பட்டிருந்தது. பாருங்கள்! 'எனக்கு வயது என்ன' என்பதோடு நிற்கவில்லை அந்தக் குடும்பம். 'எனக்குப் பின் யார்' என்பதற்கும் விடை கொடுத்தது.

வயதை மட்டும் எண்ணும் நம் சட்டம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. 54 வயதிலே நோயுற்று, சுற்றத்தார் எவருமின்றி இருப்பவருக்கும் வழி உண்டு. 56 வயதிலே உடல் நலத்தோடும், தம்மினும் பத்து வயது இளைய மனைவியோடும், தாங்கிப் பிடிக்க நான்கு உறவினரோடும் இருப்பவருக்கு வழி இல்லை.

முரண் அதோடு முடிந்ததா? இல்லை. தத்தெடுப்புக்கு இதே அரசு வகுத்திருக்கும் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் பாருங்கள். அங்கே இணையரின் வயதைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க, இருவர் வயதும் சேர்ந்து 85க்கு மேற்படக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு 90. நான்கு முதல் எட்டு வயதுக்கு 100. எட்டு முதல் பதினெட்டு வயதுக்கு 110. தனியாகத் தத்தெடுப்போருக்கு முறையே 40, 45, 50, 55. இதிலே ஓர் அறிவு இருக்கிறது. ஓர் அன்பும் இருக்கிறது. ஒருவர் முதியவராயினும் மற்றவர் இளையவராயிருந்தால் பிள்ளைக்கு நிழல் உண்டு என்று ஒப்புகிறது. வயது ஏறினாலும் வளர்ந்த பிள்ளைக்குத் தாய் தந்தையாகலாம் என்று வழியும் காட்டுகிறது. நம் திருவாண்டார்கோயில் வீட்டாருக்கும் எட்டு வயதைக் கடந்த பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்க இந்த விதி இடம் தருகிறது. அதை யார் அவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள்?

ஒரே அரசு, இரண்டு கணக்கு. பெற்றோரற்ற கைக்குழந்தைக்கு 85. மாற்றுத் தாய் சுமக்கும் குழந்தைக்கு 105. தத்தெடுப்பிலே காத்திருக்கும் பெற்றோர் வரிசை நீண்டது. ஆகவே இளையோரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்று விளக்கம் கூறலாம். ஒப்புகிறேன். ஆனால், கூட்டிப் பார்க்கும் அறிவு ஒரு மேசையிலே இருக்கும்போது, அடுத்த மேசைக்கு அது ஏன் போய்ச் சேரவில்லை?

கணவனை இழந்தவள் நிலை இதனினும் கொடிது. 25 வயதிலே ஒருத்தி கணவனை இழக்கிறாள். நோயினால் கருப்பையையும் இழக்கிறாள் என்று வையுங்கள். சட்டம் அவளிடம் சொல்லுகிறது: "35 ஆகட்டும், வா!" பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதி மேலும் சொல்லுகிறது: "உன் சொந்தக் கருமுட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும்!" பெண்ணின் கருமுட்டை வளம் முப்பதுகளின் நடுவிலிருந்து விரைந்து குறைகிறது என்பது மருத்துவம் படிக்காதவரும் அறிந்த செய்தி. வளம் இருக்கும்போது வராதே. வளம் குன்றிய பின் வா. வந்து, குன்றிய வளத்தையே கொடு! கணவனோடு இருப்பவளுக்கு 50 வரையிலே இடம். கணவனை இழந்தவளுக்கு 45 ஆனதும் கதவு அடைப்பு. விதவைக்கு மூலையிலே இடம் ஒதுக்கிய பழைய மனம், சட்டப் புத்தகத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று ஐயுறுகிறேன்.

கடல் கடந்த நாடுகளையும் சற்றுப் பாருங்கள். புதுவைக்கு நெருங்கிய பிரான்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் குடியுரிமையோடு நம் தெருக்களிலே வாழ்வோர் இன்றும் உளர். அங்கே மாற்றுத் தாய் ஒப்பந்தம் செல்லாது என்று 1994ஆம் ஆண்டு முதல் சிவில் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கு மட்டும் இடம் உண்டு. 2021இலே அதற்கு வகுத்த ஆணையின்படி, சுமக்கும் பெண்ணுக்கு 45 வயது வரையிலும், சுமக்காத துணைவருக்கு 60 வயது வரையிலும் இடம். ஸ்பெயின் நாட்டிலும் மாற்றுத் தாய் ஒப்பந்தம் செல்லாது. என்ன நடந்தது? 2023இலே அந்நாட்டின் புகழ்பெற்ற நடிகை ஆனா ஒப்ரெகோன், தம் 68ஆம் வயதிலே, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே மாற்றுத் தாய் மூலம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மறைந்த தம் மகனின் விந்தணுவால் உருவான குழந்தை, தமக்குப் பேத்தி முறை என்று பின்னர் அவரே சொன்னார். மகனை இழந்த தாயின் கண்ணீரை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பணம் உள்ளவருக்கு வரம்பு ஒரு வேலியே அல்ல, அது ஒரு விமானப் பயணம்!

ஏழைக்கு அப்படியா? திருவாண்டார்கோயிலாருக்குப் புளோரிடா ஏது? அவர் 40 வயதிலே மணம் முடித்தது விளையாட்டாகவா? தங்கையரைக் கரையேற்றி முடித்த பிறகு! மருத்துவத்துக்குத் தாமதமாக வந்தது அலட்சியத்தாலா? ஒவ்வொரு முறையும் பணம் சேரும்வரையிலே காத்திருந்ததால்! கருத்தரிப்பு மருத்துவம் பெரும்பாலும் தனியார் கையிலே இருக்கும் நாட்டிலே, வசதி படைத்தவர் 35லே வந்து சேரும் இடத்துக்கு ஏழை 50லே வந்து சேருகிறான். வயது வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே வந்து சேரும் வழி எல்லோருக்கும் ஒன்றல்ல.

இன்னும் ஒரு கொடுமை. சட்டத்திலே, வயது 'சான்று வழங்கும் நாளன்று' கணக்கிடப்படும் என்று எழுதியிருக்கிறது. விண்ணப்பித்த நாள் அன்று! கோப்பு ஒரு மேசையிலே உறங்கினால், உறங்கும் ஒவ்வொரு நாளும் விண்ணப்பித்தவன் வயதிலே ஏறுகிறது. தூங்கியது அலுவலகம், மூத்தது ஏழை!

இவ்வளவும் சொன்ன பிறகு, வரம்பைத் தளர்த்துங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் போகிறேனோ என்று அஞ்ச வேண்டாம். இந்தக் கதையிலே இதுவரையிலே நாம் அதிகம் பேசாத ஒருத்தி இருக்கிறாள். அந்த 30 வயது அண்ணன் மகள்! 'அத்தைக்கு வயதாகிறது, அடுத்த ஆண்டு முடியாது, உடனே ஒப்புக்கொள்' என்று குடும்பமே சூழ்ந்து நின்று நெருக்கினால், அவள் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? நெருங்கிய உறவென்றால் நெருக்கடியும் நெருங்கி வரும். கரு வைக்கப்படும் முன்னர் எப்போது வேண்டுமானாலும் அவள் தன் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை அவளிடம் தனியே அழைத்து, அவள் மொழியிலே, அவள் மாமியாரும் அத்தையும் இல்லாத அறையிலே சொல்ல வேண்டும். அவளும் ஏழை வீட்டுப் பெண். பிள்ளை விரும்பும் ஏழைக்காக வாதாடும் நாம், பிள்ளை சுமக்கும் ஏழையை மறந்தால், நம் வாதம் ஒற்றைக்கால் வாதம்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, வயது வரம்பு இருக்கட்டும்; ஆனால் கூட்டு வயதாக இருக்கட்டும். இன்று சட்டமே ஒப்பும் 105ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம். 75 வயதுக் கிழவர் 30 வயதுப் பெண்ணை மணந்துகொண்டு அந்தக் கணக்கிலே நுழைந்துவிடாமல், மூத்தவருக்கு 60 என்று ஒரு மேல் எல்லையும் வையுங்கள்.

இரண்டாவது, வயதை விண்ணப்பித்த நாளிலே கணக்கிடுங்கள். அலுவலகத்தின் தாமதத்துக்கு மக்களைத் தண்டிக்காதீர்கள்.

மூன்றாவது, இணையரிலே ஒருவர் 50ஐக் கடந்திருந்தால், 'எங்களுக்குப் பின் இன்னார் வளர்ப்பார்' என்று ஒரு காப்பாளரை நீதிமன்றத்திலே எழுதி வைக்கச் செய்யுங்கள். அந்தக் காப்பாளரும் நேரில் வந்து ஒப்பட்டும்.

நான்காவது, கணவனை இழந்தவளுக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் 35 என்ற கீழ் எல்லையை நீக்குங்கள். கணவன் உள்ளவளுக்கு 23 என்றால் இவளுக்கும் 23 ஆகட்டும்.

ஐந்தாவது, அரசு மருத்துவமனைகளிலே கருத்தரிப்பு மருத்துவத்தை ஏழைகளுக்கும் எட்டும்படி செய்யுங்கள். 30லே வர வேண்டியவனை 30லேயே வரச் செய்தால், 56லே வந்து கண்ணீர் விடும் நிலை தானே குறையும்.

இவற்றுள் எதுவும் எட்டாக்கனி அல்ல. பாதி, தத்தெடுப்பு விதிகளிலே ஏற்கெனவே உள்ளது. மீதி, மனமிருந்தால் ஒரு திருத்த மசோதாவிலே அடங்கிவிடும். நம் கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள். மகளிர் அணியினர் முன்னே நின்று பேசட்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்கும் உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். தத்தெடுப்பு விதிகளை ஒரு தாளிலே அச்சிட்டுப் படிப்பகத்துச் சுவரிலே ஒட்டுங்கள். யாரேனும் ஓர் இணையர் அதைப் படித்து ஒரு பிள்ளைக்குத் தாய் தந்தையானால், அந்தத் தாளுக்கு அதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

சட்டத்தைத் திருத்துவது ஆட்சியாளர் கையிலே. ஆனால் ஒன்று நம் கையிலே இருக்கிறது. பிள்ளை இல்லாதவளைச் சுட்டும் அந்தக் கொடுஞ்சொல்! வளைகாப்பிலே அவளைப் பின்வரிசைக்குத் தள்ளும் கை நம் வீட்டுக் கை. 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று ஆண்டுதோறும் கேட்கும் வாய் நம் வீட்டு வாய். அந்தக் கையும் வாயும் ஓய்ந்திருந்தால், குண்டூர் மூதாட்டி எழுபதைக் கடந்த பின்னர் மருத்துவமனைப் படி ஏறியிருப்பாரா? பிள்ளை மீதுள்ள ஆசையால் வருகிறவர் எத்தனை பேர், ஊர் வாய்க்கு அஞ்சி வருகிறவர் எத்தனை பேர் என்று எந்த மருத்துவக் குழுவாலும் சொல்ல முடியாது. அந்த அச்சத்துக்கு வயது வரம்பு கிடையாது. அதை ஒழிக்கச் சட்டமும் தேவையில்லை.

திருவாண்டார்கோயில் வீட்டுத் திண்ணையிலே இன்று மாலையும் அந்த இருவரும் அமர்ந்திருப்பார்கள். ஷிப்டு முடிந்து வருவோர் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துச் செல்வார்கள். அந்த வழியே நீங்களும் செல்வீர்களானால், 'பிள்ளை உண்டா?' என்று கேட்காதீர்கள். பக்கத்திலே அமருங்கள். அந்தத் தாள்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். என்ன செய்யலாம் என்று சேர்ந்து எண்ணுங்கள். தொண்டு அங்கே தொடங்கட்டும், தோழர்களே!